பொய் சொன்ன சிவப்பு முள்

விமானம் திரும்புகிறது என்பதை அன்று முதலில் கண்டுபிடித்த பயணி அநேகமாக நானாகத்தான் இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. கரியாலூரிலிருந்து கோமுகி அணைப் பக்கம் இறங்கும் மலைப் பாதையில் இருபத்தெட்டு வருஷம் ஜீப் ஓட்டியவன் நான். வண்டி வளைந்தால் கண்ணுக்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்துவிடும்.

போன வருஷம் தை மாதம். சென்னையிலிருந்து டெல்லிக்குக் காலை விமானம். எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். மகளுக்குத் தலைப்பிரசவம். நியாயமாக அவள் கரியாலூருக்கு வந்திருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு கொஞ்சம் ஏறி இறங்குகிறது, இந்த நிலைமையில் பயணம் வேண்டாம் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டதால் நாங்கள் கிளம்பினோம். பெரிய பையில் சாமை அரிசி, தினை மாவு, மலைத்தேன் இரண்டு பாட்டில், கடுக்காய்ப் பொடி. பாட்டிலைத் துணியில் சுற்றிச் சுற்றி வைத்ததில் என் வேட்டி இரண்டு காலி.

நான் இடது பக்க ஜன்னல் ஓரம். வடக்கே போகிற விமானம், காலை நேரம், அதனால் வெயில் எல்லாம் வலது பக்கம் உட்கார்ந்தவர்கள் மேல். ஏறி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண், ஏதோ மணி ஒலிக்கவும் வண்டியைத் திருப்பிப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் என் முகத்தில் வந்து விழுந்தது.

“ஏம்மா, வண்டி திரும்பிடுச்சி” என்றேன்.

“சும்மா இருங்க. பயமுறுத்தாதீங்க” என்றாள் என் மனைவி.

அடுத்த நிமிஷம் பைலட் இங்கிலீஷிலும் இந்தியிலும் பேசினார். பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் எங்களுக்குச் சொன்னான்: “கீழ லக்கேஜ் வைக்கிற இடத்துல புகை இருக்குன்னு ஒரு வார்னிங் லைட் எரியுதாம். எதுக்கும் சென்னைக்கே திரும்பி இறங்குறோம்னு சொல்றார்.”

விமானத்துக்குள் சத்தமே இல்லை. என் மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மூக்கு வேலை செய்தது. வயர் கருகும் வாசனை வருகிறதா, ரப்பர் தீயும் வாசனை வருகிறதா என்று மோந்துகொண்டே இருந்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் என்ஜின் சத்தம் ஒரே சீராகத்தான் இருந்தது.

தரையிறங்கியதும் ஜன்னல் வழியே பார்த்தால் தீயணைப்பு வண்டிகள் எங்கள் கூடவே ஓடி வருகின்றன. பைகளைத் தொடாதீர்கள், உடனே இறங்குங்கள் என்று விரட்டி விரட்டி இறக்கினார்கள். அப்படியும் முன் வரிசைக்காரர் ஒருவர் மேலே இருந்த பெட்டியை இழுத்து, பின்னால் வந்த நாற்பது பேரை நிறுத்தி வைத்தார்.

ஒரு மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. புகையும் இல்லை, தீயும் இல்லை. எச்சரிக்கைதான் பொய்.

“நம்ம கடுக்காய்ப் பொடியால இருக்குமோ?” என்று என் மனைவி காதோடு கேட்டாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

“கீழே வந்த பிறகுதான் சார் அது பொய்”

காத்திருக்கும் கூடத்தில் கூச்சல். பெட்டியை இழுத்த அதே மனிதர்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினார். ஒரு சென்சார் கோளாறுக்காக இருநூறு பேர் நாளை வீணாக்குவதா, எனக்கு மீட்டிங் போச்சு, யார் பொறுப்பு என்றார்.

பைலட் அங்கே வந்தார். என் மகன் வயதுதான் இருக்கும். கொஞ்சம் தமிழும் பேசினார். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“மேல இருக்கும்போது அது பொய்னு எனக்குத் தெரியாது சார். கீழ வந்த பிறகுதான் அது பொய். அந்த அறைக்குள்ள போய்ப் பார்க்க எனக்கு வழி கிடையாது. பொய்யா நிஜமான்னு தெரிஞ்சிக்கத்தான் இறங்கினோம்.”

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கத்தியவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“என்னங்க, அதான் எறங்கிட்டோம்ல” என்று மனைவி தோளைத் தட்டினாள். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத ஒன்றை அந்த நாற்காலியில் வைத்துத்தான் அவளிடம் சொன்னேன்.

நான்கு மாதம் பொய் சொன்ன முள்

2003-ஆம் வருஷம். அப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் கிடையாது, விழுப்புரத்தோடு இருந்தது. மலையில் செல்போன் இல்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கே 2008-இல்தான் வந்தது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் யாருக்காவது முடியவில்லை என்றால் ராத்திரியில் வந்து தட்டுகிற சில கதவுகளில் என் கதவும் ஒன்று.

என் ஜீப் பழைய வண்டி. அதில் என்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள், ஒருநாள் திடீரென்று சிவப்புக்குப் போய் நின்றது. பதறிப்போய் நிறுத்தி பானெட்டைத் திறந்தால் என்ஜின் சாதாரணமாக இருக்கிறது. தண்ணீர் நிறைய இருக்கிறது. மறுநாளும் அப்படியே. கச்சிராயபாளையத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டு, “என்ஜின்ல ஒண்ணுமில்ல. சூட்ட எடுத்துக் கொடுக்குற யூனிட் போயிடுச்சி. புதுசு வாங்கிப் போட்டுடு” என்றார். மரவள்ளிக் கிழங்கு லோடு முடியட்டும், அடுத்த மாதம் மாற்றலாம் என்று தள்ளினேன்.

முள் சிவப்பிலேயே நின்றது. வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம், “அண்ணே, வண்டி கொதிக்குது போல” என்பார்கள். எல்லோருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி எரிச்சல். ஒருநாள் டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு அந்த வயரைப் பிடுங்கிவிட்டேன். முள் கீழே விழுந்தது. நிம்மதி. நான்கு மாதம் அப்படியே ஓடினேன்.

ஐப்பசி அடைமழை. ராத்திரி பத்து மணிக்கு மேல் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி ஓடி வந்தான். அவன் சம்சாரத்துக்குப் பிரசவ வலி. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே இருக்கிறது போல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்று மருத்துவம் பார்க்கிற கிழவி சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணையும் மாமியாரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று ரேடியேட்டர் ஹோஸ் பைப் எங்கோ கிழிந்து தண்ணீர் ஒழுகியிருக்கிறது. கொட்டுகிற மழையில் என்ன தெரியும்? ஆவி வந்தாலும் பனியும் மழையும்தான் என்று நினைப்போம். சூட்டைக் காட்ட வேண்டிய முள் செத்துக் கிடக்கிறது. பாதி மலைகூட இறங்கவில்லை, ஒரு வளைவில் என்ஜின் கரகரவென்று இழுத்து அப்படியே நின்றது. சீஸ் ஆகிவிட்டது. இனி தள்ளினாலும் ஓடாது, தண்ணீர் ஊற்றினாலும் ஓடாது.

அந்தத் தம்பியும் நானும் ஒரு கொம்பை வெட்டி, போர்வையில் தூளி கட்டி, அந்தப் பெண்ணை அதில் படுக்க வைத்துத் தோளில் சுமந்தோம். மாமியார் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தது. அடிவாரத்துக்கு வருவதற்குள் விடிந்துவிட்டது. கிழங்கு ஏற்ற வந்த லாரி ஒன்றில் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம். தாய் பிழைத்தது. குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை.

ஊரில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ராத்திரி முழுக்க மழையில் சுமந்தாரே, அவர் மனுஷன் என்றார்கள். வண்டி பழசு, விதி, என்ன செய்வது என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வயர் விஷயம் எனக்கும் அந்த ஜீப்புக்கும் மட்டும்தான் தெரியும். முள் வேலை செய்திருந்தால் முதல் வளைவிலேயே நிறுத்தியிருப்பேன். ஓடைத் தண்ணீரை ஊற்றி, துணியைச் சுற்றிக் கட்டி, மெதுவாக இறங்கியிருப்பேன். குழந்தை பிழைத்திருக்குமா என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. ஆனால் நான் கேட்காமல் ஒருநாளும் தூங்கியதில்லை.

இதையெல்லாம் கேட்ட என் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அவங்ககிட்ட சொல்லணும்ல?” என்றாள்.

மாப்பிள்ளை சொன்ன கதைகள்

அன்று சாயங்காலம் வேறு விமானத்தில் டெல்லி போய்ச் சேர்ந்தோம். மாப்பிள்ளை விமானப் பராமரிப்பு வேலையில் இருப்பவர். மகள் தூங்கிய பிறகு நானும் அவரும் பால்கனியில் குளிரில் உட்கார்ந்து பேசினோம். முதலில் கேட்ட கேள்வியே அதுதான்: எங்கள் கடுக்காய்ப் பொடிதானா?

சிரித்துவிட்டார். “பை மூடித்தானே இருந்துச்சி, அதெல்லாம் இல்ல மாமா. ஆனா தூசி, ஈரம், காய்கறிலேர்ந்து வர்ற ஆவி, இதையெல்லாம் அந்தக் கருவி சில நேரம் புகைன்னு நெனச்சிக்கும். சரக்கு அறையில வர்ற புகை எச்சரிக்கைல முக்காவாசி பொய்தான்.”

“அப்ப எதுக்கு ஒவ்வொரு தடவையும் திரும்பணும்?”

அதற்கு அவர் சொன்ன சம்பவம், 1980 ஆகஸ்ட் 19 அன்று சவூதி அரேபியாவின் ரியாத்தில் நடந்தது. கிளம்பிய சில நிமிஷத்தில் சவூதியா விமானத்தின் பின்பக்கச் சரக்கு அறையில் புகை என்று எச்சரிக்கை வந்தது. அது உண்மையா என்று உறுதி செய்வதிலேயே விமானிகளுக்கு நான்கு நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது. பிறகு திரும்பி, ஓடுபாதையில் இறங்கியும்விட்டார்கள். ஆனால் உடனே நிறுத்தி ஆட்களை இறக்கவில்லை. கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 301 பேர். தரைக்கு வந்து சேர்ந்த விமானத்தில் ஒருவரும் பிழைக்கவில்லை.

“அதான் மாமா இப்ப வழக்கம். அந்த லைட் எரிஞ்சா நிஜம்னே வெச்சிக்கணும். அறைக்குள்ள காத்து போறத நிறுத்தணும், தீயணைக்குற வாயுவ விடணும், கிட்ட இருக்குற ஏர்போர்ட்ல எறங்கணும். பொய்யா இருந்தா ஒரு நாள் வேஸ்ட். அவ்ளோதான்.”

அப்படியானால் கருவி சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டியதுதானா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அதற்கும் ஒரு கதை இருந்தது, அது நம் நாட்டுக் கதை.

1978, ஜனவரி 1. புத்தாண்டு ராத்திரி. பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானம், ‘எம்பரர் அசோகா’. கடலுக்கு மேலே ஒரு சின்ன வலது திருப்பம். திரும்பி முடித்து விமானம் நேரானது. ஆனால் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி, கேப்டன் பக்கத்தில் இருந்தது, வலது சாய்வையே காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. வெளியே கடலும் இருட்டு, வானமும் இருட்டு. கருவியை நம்பிய கேப்டன் சரிசெய்வதாக நினைத்து இடது பக்கம் சாய்த்தார். கருவி மாறவில்லை. மேலும் சாய்த்தார். அதை நம்பாதீர்கள் என்று உடனிருந்த ஃப்ளைட் இன்ஜினியர் எச்சரிக்கப் பார்த்தார். நேரம் போதவில்லை. கிளம்பி இரண்டு நிமிஷம்கூட ஆகாமல் விமானம் பாந்த்ரா கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. 213 பேர் போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற கருவிகள் எதிரிலேயே இருந்தன.

“ஒரு கருவி பொய் சொல்லுதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?” என்றேன்.

“ஒண்ணுக்கு மூணா வெச்சிருப்பாங்க மாமா. கேப்டனுக்கு ஒண்ணு, துணை விமானிக்கு ஒண்ணு, நடுவுல தனியா ஒண்ணு. ரெண்டு ஒரே மாதிரி சொல்லி ஒண்ணு மாத்திச் சொன்னா, அதுதான் பொய்.”

மூன்றுமே குழம்பினால்? அதற்கும் வழி இருக்கிறதாம். விமானத்தின் மூக்குப் பக்கம் சின்னக் குழாய்கள் காற்றைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் காற்று எவ்வளவு வேகமாக முட்டுகிறது என்பதை வைத்துத்தான் வேகத்தைக் காட்டுகிறது கருவி. அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் வேகம் தப்பாகத் தெரியும். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் ஒரு விமானம் இப்படித்தான் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். நிறுத்தி வைத்திருந்த நாட்களில் அந்தக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும் என்பதுதான் விசாரணையில் வந்த சந்தேகம். குளவிக்கூட்டை நாங்கள் வீட்டுச் சுவரில் தினம் பார்க்கிறோம். அது இவ்வளவு பெரிய விமானத்தைக் கவிழ்க்கும் என்று யார் நினைப்பார்கள்? நிற்கும் விமானங்களில் சிவப்பு ரிப்பன் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழாய்களுக்கும் அப்படித்தான் உறை போட்டு மூடுவார்களாம். ரிப்பன், பறக்குமுன் உறையைக் கழற்ற வேண்டும் என்று நினைவுபடுத்த.

“உங்க ஜீப்புல ஸ்பீடாமீட்டர் ஓடுச்சா மாமா?”

“கேபிள் அறுந்து பத்து வருஷம் கெடந்துச்சி.”

“அப்ப எப்படி வேகம் தெரியும்?”

“எந்த கியரு, என்ஜின் எப்படிச் சத்தம் போடுது, அத வெச்சித்தான்.”

“அதேதான். மூக்கு எவ்ளோ தூக்கியிருக்கு, என்ஜினுக்கு எவ்ளோ பவர் கொடுத்திருக்கு, இது ரெண்டும் தெரிஞ்சா வேகம் இவ்ளோதான் இருக்கும்னு கணக்கு இருக்கு. வேகக் கருவி போனா, அந்தக் கணக்குல நிறுத்திட்டு அப்புறம்தான் மத்த ஆராய்ச்சி.”

மத்த ஆராய்ச்சி அப்புறம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பல்பின் கதை சொன்னார். 1972 டிசம்பர் 29, அமெரிக்காவின் மயாமி. இறங்கப் போகிற விமானத்தில் முன் சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சக்கரம் சரியாகத்தான் இருந்தது. பல்புதான் ஃபியூஸ். விமானி அறையில் இருந்த எல்லோரும் அந்தப் பல்பைக் கழற்றுவது, பார்ப்பது, மாட்டுவது என்று அதிலேயே மூழ்கிவிட்டார்கள். உயரத்தைப் பிடித்துவைக்கும் தானியங்கி விலகி, விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதியது. 101 பேர் இறந்தார்கள். அதனால்தான் விமானிகளுக்கு முதல் பாடம்: முதலில் வண்டியைப் பிடி, அப்புறம் வழியைப் பார், அப்புறம்தான் பேச்சு.

இவ்வளவும் கேட்டு எனக்கு வயிறு கலங்கியது. மாப்பிள்ளைக்கு அது புரிந்திருக்க வேண்டும். நல்ல கதையும் சொன்னார்.

2018 செப்டம்பர் 11. டெல்லியிலிருந்து நியூயார்க்குக்கு ஏர் இந்தியா விமானம். 370 பேர். பதினைந்து மணி நேரம் பறந்து, எரிபொருள் குறைந்து, இறங்கப் போகும்போது கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஓடுபாதைக்கு வழிகாட்டும் கருவி இல்லை. பக்கத்தில் வேறு விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவி இல்லை. தரை எவ்வளவு தூரம் என்று சொல்லும் கருவியிலும் கோளாறு. கீழே மேகம் தாழ்ந்து கிடக்கிறது. கேப்டன் ரஸ்தம் பாலியா என்ன செய்தார்? எதெது வேலை செய்யவில்லை என்பதை ஒளிக்காமல் கட்டுப்பாட்டு அறையிடம் சொன்னார். பக்கத்தில் எந்த ஊரில் மேகம் கொஞ்சம் மேலே இருக்கிறது என்று கேட்டார். மிச்சமிருந்த கருவிகளை வைத்துக்கொண்டு நெவார்க்கில் இறக்கினார். ஒருவருக்கும் கீறல் இல்லை.

திருச்சிக் கதை எனக்கே தெரியும். 2024 அக்டோபர் 11 சாயங்காலம், ஷார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு என்று 141 பயணிகளோடு திருச்சிக்கு மேலேயே சுற்றியதை டீக்கடை டிவியில் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றி, எரிபொருளைக் குறைத்து, பாரத்தைக் குறைத்து, பத்திரமாக இறக்கினார்கள். ஏன் உடனே இறக்காமல் சுற்றுகிறார்கள் என்று அன்று கடையில் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

“விமானத்துல ஒரு முள்ளு பொய் சொன்னா, அப்புறம் என்ன செய்வீங்க?” என்று கடைசியாகக் கேட்டேன்.

“எழுதணும் மாமா. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு லாக் புக் உண்டு. பைலட் அதுல எழுதுவாரு. நாங்க பார்த்து, என்ன செஞ்சோம்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். சில பொருள் கெட்டுருந்தாலும் பறக்கலாம்னு பட்டியல் இருக்கு. ஆனா எத்தனை நாளைக்குள்ள சரி செய்யணும், அதுவரைக்கும் எப்படிப் பறக்கணும்னும் அதுலயே இருக்கு. யாரும் வயரைப் பிடுங்கி விட்டுட்டு, சொல்லாமப் போக முடியாது.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். வயர் கதை அவருக்குத் தெரியாது. அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது.

முள் பொய் சொன்னது என் தப்பு இல்லை. பொய் சொல்கிற முள்ளைச் சரிசெய்யாமல் ஊமையாக்கினேனே, அது என் தப்பு. அது ஊமையான விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் அடுத்தவர் உயிரை ஏற்றிக்கொண்டு போனேனே, அது அதைவிடப் பெரிய தப்பு.

கரியாலூர் திரும்பிய பிறகு

பன்னிரண்டாம் நாள் பேத்தி பிறந்தாள். மகளின் ரத்தக் கொதிப்பை வீட்டு மெஷினில் தினம் பார்ப்போம். ஒருநாள் திடீரென்று மிக அதிகமாகக் காட்டியது. “மெஷின் பேட்டரி போயிருக்கும்பா, விடுங்க” என்றாள் மகள். நான் விடவில்லை. பக்கத்து வீட்டு மெஷினை வாங்கிப் பார்த்தோம், அதுவும் அதிகம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாத்திரை மாற்றினார்கள், இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பினோம். நான்கு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் என் மனைவி, “நானும் வரேன்” என்று செருப்பை மாட்டினாள்.

அந்தத் தம்பி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். முள் சிவப்பில் நின்றது, மெக்கானிக் சொன்னது, வயரைப் பிடுங்கியது, எல்லாம். அவர்களுக்குப் பிறகு ஒரு மகன் பிறந்து, இப்போது கள்ளக்குறிச்சியில் படிக்கிறான். அது என் கணக்கைக் குறைக்காது என்று தெரியும், அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டான். அந்தத் தங்கச்சிதான் பேசியது.

“அன்னைக்கு ராத்திரி தூளியில இருந்து உங்களப் பார்த்தேண்ணே. எம் புருஷன் அழுவல. நீங்க அழுதுகிட்டே தூக்கிட்டு வந்தீங்க. இவரு எதுக்கு இப்படி அழுவறாருன்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன். இப்பத்தான் தெரியுது.”

பிறகு உள்ளே போய் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது.

ஒரு மாதம் அந்தத் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. சந்தையில் எதிரே வந்தால் வேறு பக்கம் போவான். அது அவன் உரிமை. நானும் போய் நிற்கவில்லை.

ஜீப்பை இப்போது மகன்தான் ஓட்டுகிறான். அவனுக்கு வேலை இருக்கிற நாளில் நான் எடுப்பேன். போன வாரம் காலைப் பனியில் கரியாலூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வழியில் ஒருவர் கை நீட்டினார். நிறுத்தினால் அந்தத் தம்பி. ஏறி முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு வளைவு பேசவில்லை. மூன்றாவது வளைவில் டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தான்.

“இந்த முள்ளு சரியாக் காட்டுதாண்ணே?”

“காட்டுது. போன மாசம்தான் யூனிட் மாத்தினேன்” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடிவாரம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டேதான் போனோம்.